மலை மிதிவண்டியின் சஸ்பென்ஷன் முன்கவை: சேலம், நாமக்கல் சாலைகளில் ஓட்டுநர் அனுபவம்

மலை மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரு கால்களைக் கொண்ட பகுதி முன்கவை எனப்படும். அதனுள் வில்லும் அதிர்வைத் தணிக்கும் அமைப்பும் பொருத்தப்பட்டிருந்தால் அது சஸ்பென்ஷன் முன்கவை ஆகும். கடைப்பேச்சில் இது 'சஸ்பென்ஷன்', 'ஷாக்', 'போர்க்' என்று பலவாறு சொல்லப்படுகிறது. கரடுமுரடான தரையில் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் கொடுத்து, அதே அசைவு ஓட்டுநரின் கைக்கு முழுமையாக வந்து சேராமல் தடுப்பதும், சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வதும் இதன் இரு பணிகள். முதல் பணியை ஓட்டுநர் உடனே உணர்கிறார். இரண்டாவது பணி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மலை இறக்கத்தில் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது பணியையே நம்பியிருக்கிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சமவெளிச் சாலையும் மலைச்சாலையும் ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தொலைவில் உள்ளன. அதனால் ஒரே முன்கவை வெவ்வேறு தரைகளில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இங்குள்ள ஓட்டுநர்கள் நேரடியாக அறிய முடிகிறது. அந்த அனுபவங்களும் அவற்றின் காரணங்களும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

வரலாறு

வில்லும் எண்ணெயும் கொண்ட தொலைநோக்கிக் குழாய் வடிவ முன்கவை முதலில் மோட்டார் சைக்கிளில் பரவியது. 1935-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர்12 வண்டியில் எண்ணெயால் அதிர்வு தணிக்கும் முன்கவை இருந்தது. மிதிவண்டிக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி மலைப்பாதைகளில் பழைய தடித்த டயர் மிதிவண்டிகளை ஓட்டி இறங்கிய இளைஞர்களிடமிருந்து மலை மிதிவண்டி உருவானது. தொடக்கத்தில் அவற்றின் முன்கவைகள் அசையாத எஃகுக் குழாய்களே. 1989-இல் பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் ஆகியோர் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆர்.எஸ்.-1 என்ற முன்கவை காற்றை வில்லாகவும் எண்ணெயைத் தணிப்பானாகவும் கொண்டது. அதன் அசைவு ஏறத்தாழ 50 மி.மீ. மட்டுமே. 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலக மலை மிதிவண்டிப் போட்டியின் இறக்கப் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் இந்த முன்கவையுடன் வென்றார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது சஸ்பென்ஷன் முன்கவை பரவலாகிவிட்டிருந்தது.

போட்டி வண்டிகளிலிருந்து அது படிப்படியாகப் பொதுச்சந்தைக்கு இறங்கியது. இன்று இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்காக விற்கப்படும் கியர் சைக்கிள்களில்கூட ஏதோவொரு வகை சஸ்பென்ஷன் முன்கவை இருப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெயர் ஒன்றே தவிர, உள்ளே இருக்கும் பொருள் ஒன்றல்ல.

அமைப்பு

முன்கவையின் உச்சியில் உள்ள குழாய் மிதிவண்டிச் சட்டத்தின் தலைப்பகுதிக்குள் நுழைந்து ஹேண்டில்பாருடன் இணைகிறது. அதன் கீழே உள்ள குறுக்குப் பகுதியிலிருந்து பளபளப்பான இரு குழாய்கள் இறங்குகின்றன. இவை மேற்கால்கள். இவற்றின் மேல் நழுவி ஏறி இறங்கும் தடித்த வெளிக்குழாய்கள் கீழ்க்கால்கள் ஆகும். சக்கரத்தின் அச்சு கீழ்க்கால்களின் முனையில் பிணைக்கப்படுகிறது. இரு கீழ்க்கால்களும் தனித்தனியே முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு வளைவுப் பட்டை அவற்றை இணைக்கிறது.

மேற்கால் கீழ்க்காலுக்குள் நுழையும் வாயில் ரப்பர் உறை ஒன்று உண்டு. அது தூசியையும் நீரையும் வெளியே நிறுத்துகிறது. உள்ளே உள்ள வழுக்கு வளையங்கள் இரு குழாய்களும் ஆட்டமின்றி நழுவ உதவுகின்றன. மேற்காலுக்குள் வில் அமைந்திருக்கும். அது எஃகுச் சுருள்வில்லாகவோ அடைக்கப்பட்ட காற்றாகவோ இருக்கலாம். தரமான முன்கவையில் மற்றொரு காலில் எண்ணெய் நிரப்பிய தணிப்பான் இருக்கும். மிக மலிவான முன்கவைகளில் தணிப்பானே இருப்பதில்லை. குழாய்களுக்கிடையிலான உராய்வுதான் அங்கே தணிப்பானின் வேலையை அரைகுறையாகச் செய்கிறது.

முன்கவை முழுதாக அமுங்கக்கூடிய தொலைவு அதன் நகர்வு எனப்படும். சாதாரண மலை மிதிவண்டிகளில் இது 80 முதல் 120 மி.மீ. வரையும், கடும் இறக்கப் போட்டி வண்டிகளில் ஏறத்தாழ 200 மி.மீ. வரையும் இருக்கும்.

இயங்கும் முறை

சுருள்வில்லைப் பள்ளி இயற்பியலில் வரும் ஹூக் விதியால் புரிந்துகொள்ளலாம். அமுக்கும் விசை இரட்டிப்பானால் அமுங்கும் அளவும் இரட்டிப்பாகும். காற்று வில் அப்படியல்ல. அமுங்க அமுங்க அது மேலும் கடினமாகிக்கொண்டே போகும். இதனால் சிறு மேட்டில் இளகியும் பெரிய பள்ளத்தில் இறுகியும் நடந்துகொள்ளும். காற்று வில்லின் பெரிய வசதி, ஓட்டுநரின் எடைக்கேற்ப ஒரு சிறு பம்பினால் அழுத்தத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதே.

வில் ஆற்றலை வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. அதை அழிப்பதில்லை. எனவே வில் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி பலமுறை குதித்த பின்பே அடங்கும். இதுவே பாடநூல் கூறும் அலைவு. தணிப்பானில் எண்ணெய் நுண்துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. அலைவு தடையுறு அலைவாகி ஒன்றிரண்டு அசைவில் ஓய்கிறது.

லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி பகுதி வாசகர்களுக்கு இதற்கு ஓர் எளிய உதாரணம் உண்டு. லாரியின் கமான் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் ஓரளவு தணிப்பு தாமே கிடைக்கிறது. சுமை ஏற்றிய லாரி மெதுவாக ஏறி இறங்குவதும், காலி லாரி பள்ளத்தில் தடதடவென்று குதிப்பதும் அனைவரும் கண்டதே. வில் சுமைக்குப் பொருந்தினால்தான் வேலை செய்யும். அதிக எடைக்காக இறுக்கமாக அமைந்த சுருள்வில் கொண்ட முன்கவையில் 40 கிலோ எடையுள்ள மாணவர் ஏறும்போது நேர்வதும் காலி லாரியின் நிலைதான். முன்கவை அமுங்குவதே இல்லை. மிதிவண்டியின் எடை கூடியதுதான் மிச்சம்.

தரையின் இயல்பு

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து செல்லும் முதன்மை மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்கு ஒரு பாதை உண்டு. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இந்த இரு மலைகளுக்கும் இடைப்பட்ட சமவெளியில் தேசிய நெடுஞ்சாலை 44, கிராமத் தார்ச்சாலைகள், வேகத்தடைகள், செம்மண் வண்டிப்பாதைகள், ஏரிக்கரைகள் எல்லாம் கலந்து வருகின்றன. ஆகவே இப்பகுதி ஓட்டுநரின் முன்கவை நான்கு வகை வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது: நல்ல தார்ச்சாலையில் சும்மா இருத்தல், வேகத்தடையிலும் குழியிலும் அடியைத் தாங்குதல், ஏற்றத்தில் ஓட்டுநரின் உழைப்பைத் தின்னாதிருத்தல், இறக்கத்தில் சக்கரத்தைத் தரையில் பிடித்துவைத்தல்.

சமவெளியில் அனுபவம்

புதிதாக வாங்கியவர் முதலில் உணர்வது வேகத்தடைகளில் கிடைக்கும் ஆறுதல். அடி மணிக்கட்டில் விழாமல் முன்கவையில் விழுகிறது. ஆனால் சில நாட்களில் வேறொன்றும் தெரியவரும். சிறுகல் பெயர்ந்த தார்ச்சாலையின் இடைவிடாத நுண்ணதிர்வு அப்படியே கைக்கு வந்துகொண்டிருக்கும். இதற்குக் காரணம் நிலை உராய்வு. ரப்பர் உறையும் வழுக்கு வளையமும் மேற்காலை இறுகப் பிடித்திருப்பதால், சிறு விசைக்கு முன்கவை அசையத் தொடங்குவதே இல்லை. மலிவான முன்கவைகளில் இந்தப் பிடிப்பு அதிகம்.

நுண்ணதிர்வை வாங்கும் உறுப்பு முன்கவையைவிட டயரே. அகலமான டயரில் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள வரம்புக்குள் காற்றைச் சற்றுக் குறைத்தால் கிடைக்கும் மென்மை, பல வேளைகளில் மலிவு முன்கவை தருவதைவிட அதிகம். அதேபோல நெடுந்தூரம் ஓட்டியபின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது உள்ளங்கையின் ஓரத்தில் செல்லும் நரம்பு அழுந்துவதால் வருவது. அதிர்வு அதை மோசமாக்கும் என்றாலும், இருக்கையின் உயரம், ஹேண்டில்பாரின் தொலைவு, கையின் நிலை ஆகியவற்றைத் திருத்தாமல் முன்கவையை மட்டும் மாற்றுவதால் அது தீராது.

ஏற்றத்தில் அனுபவம்

ஏற்காட்டு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் ஓட்டுநர் ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் அமிழ்ந்து எழுவதைக் காண்கிறார். மிதிக்கச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு வில்லை அமுக்குவதில் கழிகிறது. உட்கார்ந்து சீராக மிதித்தால் இந்த ஆட்டம் பெரிதும் குறையும். இதற்காகவே பல முன்கவைகளில் பூட்டு வைக்கப்பட்டிருக்கிறது. வலது காலின் உச்சியில் உள்ள திருகைத் திருப்பினால் முன்கவை ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும்.

எடை பற்றிய கவலை பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகிறது. எஃகு வில் கொண்ட மலிவு முன்கவை சுமார் 2.5 கிலோ எடையும், அசையாத எஃகு முன்கவை சுமார் 1 கிலோ எடையும் கொண்டவை என்று கொள்வோம். வேறுபாடு 1.5 கிலோ. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் இது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நூறு நிமிடத்தில் முடியும் ஏற்றத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கூடும். போட்டியாளருக்கு இது பெரிது. விடுமுறை நாளில் ஏரியைப் பார்க்க ஏறுபவருக்கு அல்ல.

இறக்கத்தில் அனுபவம்

முன்கவையின் உண்மையான தேர்வு இறக்கத்தில்தான் நடக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. ஓட்டுநரோடு சேர்ந்த எடைமையத்தின் உயரமும் இரு சக்கரங்களுக்கு இடையிலான தொலைவும் ஏறத்தாழ சமம் என்று எடுத்துக்கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் 30 விழுக்காடு அளவுக்கு வேகம் குறைக்கப்படும்போது மொத்த எடையில் சுமார் 30 விழுக்காடு பின்னிருந்து முன்னுக்குச் செல்லும். 80 கிலோவில் இது 24 கிலோ. சாதாரணமாக முன்சக்கரத்தில் 32 கிலோ இருந்தால் பிரேக் பிடிக்கும் அந்த நேரத்தில் அது 56 கிலோ ஆகிறது. முன்கவை அமிழ்கிறது. ஹேண்டில்பார் தாழ்கிறது. ஓட்டுநர் தலைகுப்புறச் சாய்வதுபோல் உணர்கிறார்.

இந்த அமிழ்வு தன்னளவில் ஆபத்தல்ல. வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் பிடிப்பதுதான் ஆபத்து. அமிழ்ந்துவிட்ட முன்கவையில் குழியை வாங்க மீதி நகர்வு இருப்பதில்லை. அடி நேராகச் சட்டத்தில் விழும். சக்கரம் ஒரு கணம் தரைப்பிடியை இழக்கலாம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்து, உடலைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தி ஓட்டுவார்கள்.

ஏற்றத்தில் போட்ட பூட்டைத் திறக்க மறந்து இறங்குவது பலரும் செய்யும் பிழை. மலை உச்சியில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்முன் பூட்டைப் பார்ப்பது, பிரேக்கைப் பார்ப்பதைப் போலவே பழக்கமாக வேண்டும்.

இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பது முன்கவையின் வேலை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 80 கிலோ எடை 1,200 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 9.4 லட்சம் ஜூல். இது ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றுத்தடை வாங்கிக்கொள்கிறது. மீதியில் பெரும்பங்கு பிரேக்கில்தான் வெப்பமாகிறது. நல்ல சஸ்பென்ஷன் தரும் மென்மை வேகத்தை மறைத்துவிடும். அதிர்வு குறைவாக இருப்பதால் வேகமும் குறைவு என்று மனம் எண்ணிவிடுவதே இறக்கத்தில் நேரும் முதல் தவறு.

வெப்பமும் உயரமும்

காற்று வில் கொண்ட முன்கவை தட்பவெப்பத்தை உணரும். சேலத்தில் கோடைப் பகலில் 38 பாகை செல்சியசில் 80 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைக்கப்பட்டதாகக் கொள்வோம். ஏற்காட்டில் 20 பாகை குளிரில் உள்ளிருக்கும் காற்றின் தனியழுத்தம் சுமார் 6 விழுக்காடு குறையும். மலைமேல் வளியழுத்தமும் குறைவாக இருப்பதால் இந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அளவுமானி சுமார் 76 காட்டும். சாதாரண ஓட்டுநர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எஃகு வில்லில் இந்த மாற்றமே கிடையாது.

சரிசெய்தல்

ஓட்டுநர் வண்டியில் ஏறி அமர்ந்ததும் முன்கவை தானாகவே கொஞ்சம் அமிழ வேண்டும். இந்த அமிழ்வு பொதுவாக மொத்த நகர்வில் 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கலாம். 100 மி.மீ. நகர்வுள்ள முன்கவையில் 20 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். மேற்காலில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தையோ நூலையோ கட்டிக் கீழே தள்ளிவைத்து, மெதுவாக ஏறி அமர்ந்து இறங்கினால் அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்துகொள்ளலாம். அமிழ்வே இல்லையென்றால் பள்ளத்தில் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொட வழியில்லை.

சுருள்வில் முன்கவையின் இடது உச்சியில் உள்ள திருகு வில்லின் முன்னிறுக்கத்தை மாற்றுகிறது. இது வில்லைக் கடினமாக்குகிறது என்று பலரும் கருதுகின்றனர். அது சரியல்ல. வில்லின் கடினத்தன்மை அப்படியே இருக்கிறது. அது அமுங்கத் தொடங்கத் தேவைப்படும் விசை மட்டுமே கூடுகிறது. எடைக்குப் பொருந்தாத வில்லை இத்திருகால் பொருத்தமாக்க முடியாது. வில்லையே மாற்ற வேண்டும்.

சில முன்கவைகளில் கீழ்முனையில் மீள்வேகத் திருகு இருக்கும். அமுங்கிய முன்கவை எவ்வளவு விரைவில் நிமிர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மிக விரைவாக நிமிர்ந்தால் வண்டி துள்ளும். மிக மெதுவானால் அடுத்தடுத்த குழிகளில் முன்கவை நிமிர நேரமின்றி மேலும் மேலும் தாழ்ந்துகொண்டே போகும்.

பராமரிப்பு

ஆறு மாதம் நன்றாக இருந்த முன்கவை பிறகு கட்டைபோல் ஆகிவிட்டது என்பது பொதுவான குறை. பெரும்பாலும் காரணம் தூசி. கோடையில் செம்மண் தூசி ரப்பர் உறையின் விளிம்பில் படிந்து, மழைக்காலத்தில் சேறாகி உள்ளே இறங்குகிறது. மேற்காலின் பூச்சு கீறப்படுகிறது. அங்கிருந்து துரு தொடங்குகிறது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் மேற்கால்களை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது மிக எளிய, மிகப் பயனுள்ள பராமரிப்பு. இருசக்கர வாகனங்களுக்கான வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் உயரழுத்த நீரை ரப்பர் உறைமேல் நேராகப் பாய்ச்சுவது தீங்கானது. நீர் உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லை. சங்கிலிக்கு விடும் எண்ணெயை மேற்கால்மீது விடுவதும் தவறு. அது தூசியைப் பிடித்துவைக்கும். தரமான முன்கவைகளுக்கு ராக்ஷாக்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கின்றனர். வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு இது ஏறத்தாழ அரையாண்டுக்கு ஒருமுறை.

மலைக்குக் கிளம்பும்முன் மூன்று சோதனைகள் போதும். முதலாவது, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்திப் பார்த்தல். முன்கவை அமுங்கி, ஒலியின்றித் திரும்ப வேண்டும். இரண்டாவது, அதே நிலையில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுதல். டக் டக் என்ற ஆட்டம் இருந்தால் மேற்காலும் கீழ்க்காலும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தெரிந்தால் வழுக்கு வளையம் தேய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாருக்குக் கீழே தெரிந்தால் தலைப்பகுதித் தாங்கி தளர்ந்திருக்கிறது. மூன்றாவது, அச்சுப்பிடி இறுக்கம், குறுக்குப் பகுதியில் விரிசல், மேற்காலில் கீறல் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தல். விரிசல் தெரிந்தால் அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

புதிய வண்டிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டியில் வந்த வண்டியை அவசரமாகப் பூட்டும்போது முன்கவை சில வேளை பின்முன்னாகத் திரும்பி நின்றுவிடுகிறது. டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக் பிடிப்பான் ஓட்டுநருக்கு இடப்பக்கக் காலின் பின்புறம் இருக்க வேண்டும். முன்புறம் தெரிந்தால் முன்கவை திரும்பியிருக்கிறது. அந்நிலையில் சக்கரம் சட்டத்தை நெருங்கி, திருப்பத்தில் காலில் இடிக்கலாம். வண்டியின் திருப்ப இயல்பும் மாறிவிடும்.

யாருக்குத் தேவை

தமிழ்நாட்டு அரசு 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கும் மிதிவண்டியில் சஸ்பென்ஷன் கிடையாது. சமவெளியில் பள்ளிக்குச் சென்றுவர அது தேவையும் இல்லை. அசையாத முன்கவையில் பழுதாக ஏதுமில்லை. உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரர் எவரும் அதைச் சரிபார்த்துவிடுவார். அதே விலைக்கு இரு வண்டிகள் இருந்து, ஒன்றில் சஸ்பென்ஷனும் மற்றொன்றில் நல்ல பிரேக்கும் டயரும் இருந்தால் இரண்டாவதே பெரும்பாலானோருக்கு ஏற்றது. முன்கவைக்காகச் செலவான பணம் வேறெங்கோ குறைக்கப்பட்டிருக்கும் என்பதே அதன் பொருள்.

கொல்லிமலையின் உட்கிராமப் பாதைகள், ஏற்காட்டுத் தோட்டப் பாதைகள் போன்ற கல்லும் வேரும் நிறைந்த தரையில் அடிக்கடி ஓட்டுபவருக்கு, எண்ணெய்த் தணிப்பானும் எடைக்கேற்ற வில்லும் கொண்ட முன்கவை உண்மையான பயன் தரும். முன்கவையை மாற்றுபவர் பழையதன் நீளத்தை அளந்துகொள்வது அவசியம். 20 மி.மீ. நீளம் கூடினால் தலைப்பகுதியின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும். சட்டம் தாங்குமாறு வடிவமைக்கப்படாத நீண்ட முன்கவை சட்டத்தின் தலைப்பகுதிக்குக் கூடுதல் சுமையாகும்.

வாங்கும்முன் கடையிலேயே ஏறி அமர்ந்து அமிழ்வைப் பார்ப்பது நல்லது. வாங்குபவரின் எடைக்கு அசையாத முன்கவை, எத்தனை மலைகள் ஏறினாலும் அசையப்போவதில்லை.